120 லிட்டர் கடல்

பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போகிறவரிடம் "சாமான் குறையும், வேலையும் குறையும்" என்று ஆறுதல் சொல்வோம். கடல்நீர் மீன்தொட்டிக்கு இது பொருந்தாது. அங்கே தண்ணீர் குறையக் குறைய வேலை கூடும்.

என்னுடைய தொட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். விளிம்பு வரை கணக்கிட்டால் 450 லிட்டர். பதினோரு வருடமாக அதில் வளர்ந்த பவளங்களில் ஒரு பகுதியையும் இரண்டு மீன்களையும் இந்த மார்ச் மாதம் 120 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் ஒரு நாளைக்கு நாலரை லிட்டர் ஆவியானால் அது நூற்றில் ஒரு பங்கு. ஆயிரத்துக்கு 35 என்றிருக்கும் உப்பளவு 35.4-ஐக்கூட எட்டாது. சின்னத் தொட்டியில் மூன்று லிட்டர் போனாலே 36-ஐ நெருங்கிவிடும். மீன் தாங்கும். பவளம் ஒரு நாள் தாங்கும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் சுருங்கிக்கொள்ளும். பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் பெரிய தொட்டி அதைக் காட்டிக்கொள்ளவே செய்யாது. சின்னதில் மறுநாள் காலை மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும். ஏசி இரண்டு மணி நேரம் நின்றாலும் இதே கதைதான்.

இந்தத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைகுடா நகரங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீர்தான், உப்பை நீக்கியது. நான் அதை மறுபடி ஆர்ஓவில் விட்டு மிச்சம் மீதியையும் எடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வாளியில் வரும் உப்பை லிட்டருக்கு முப்பத்தைந்து கிராமுக்குச் சற்று மேல் போட்டு மறுபடி கடலாக்குகிறேன். ஒரு முறை வந்திருந்த அப்பா இதைப் பார்த்துவிட்டு, "ஏல, கடல் அங்கனதான கெடக்கு, ரெண்டு கொடம் மோந்துட்டு வந்தா ஆகாதா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கடலின் உப்பு 40-க்கு மேல். சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர். ஹோர்முஸ் வாயைத் தவிர வேறு வழியில்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் தண்ணீர். குளிர்காலத்தில் ஆழம் குறைந்த இடங்களில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போகும், ஆகஸ்டில் 35-ஐத் தாண்டும். வளைகுடாவே ஒரு சின்னத் தொட்டிதான். இதற்குப் பிறகு வருகிறேன்.

மாற்ற வேண்டி வந்ததன் காரணம் சாதாரணமானது. ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கன்சல்டிங் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்தது. அடுத்தது கிடைத்தது, நாள் கூலி குறைவு. மகள் பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மனைவி தூத்துக்குடிக்குப் போனவள் அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. இரண்டு படுக்கையறை வீட்டில் நான் மட்டும். இந்த ஊரில் ஒரு சொல் உண்டு: பேச்சுலர். கல்யாணமாகி இருபது வருடமானாலும், கல்லூரி போகும் பிள்ளை இருந்தாலும், பக்கத்தில் குடும்பம் இல்லையென்றால் வீட்டுத் தரகருக்கு நீங்கள் பேச்சுலர். பேச்சுலருக்குத் தரும் கட்டடம் வேறு, தராத கட்டடம் வேறு. ஷார்ஜா அல் நஹ்தாவில் இருந்த வீட்டை விட்டுவிட்டு, துபாய் இன்டர்நேஷனல் சிட்டியில் ஒரு ஸ்டூடியோ பிடித்தேன். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்படி. தண்ணீரும் பாறையும் ஸ்டாண்டும் சேர்ந்து அறுநூறு கிலோவுக்கு மேல் வரும் பழைய தொட்டியை அங்கே வைத்தால் நான் வாசலில்தான் படுக்க வேண்டும்.

"குடுத்துட்டு வந்துருங்களேன்" என்றாள் மனைவி.

அவள் சொன்னது தொட்டியைப் பற்றி மட்டுமல்ல. நான் புதுத் தொட்டியின் அளவையும் விலையையும் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சின்னதா ஒண்ணு வாங்குறீங்கன்னா இன்னும் அங்கதான் இருக்கப் போறீங்கன்னுதான அர்த்தம்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அதற்கு நேர்மையான பதில் ஒன்று என்னிடம் இருந்திருந்தால் அந்த மாதம் முழுவதும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

ஊருக்கே கொண்டுபோய்விட முடியாதா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். முடியாது. கல்போன்ற பவளங்கள் அத்தனையும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன; அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாது. இந்தியாவில் அதற்கும் மேல். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். செத்துக் காய்ந்த துண்டு ஒன்று பெட்டியில் இருந்தாலும் குற்றம்.

சட்டம் சரியானதுதான், அது ஏன் வந்தது என்று தூத்துக்குடிக்காரனுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பவளம் என்று சொன்னதே கிடையாது. முருகைக்கல். என் சின்ன வயதில் வள்ளங்களில் வந்து கரையில் மலைபோலக் குவியும், வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக. காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். அஸ்திவாரத்தில் போடுவார்கள். தாத்தா வீட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போன்ற கல் தெரியும். கையை வைத்தால் மத்தியான வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். அது ஒரு பிராணி கட்டியது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளையும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனாலும் கல் எடுப்பது 2004 சுனாமிக்குப் பிறகுதான் உண்மையில் நின்றது. அதற்குள் பூவரசன்பட்டியும் விளாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர். 2014-க்குள் 2 ஹெக்டேர் அளவுக்குக் கரைந்துவிட்டது. கரையும் தீவைக் காப்பாற்ற இப்போது கான்கிரீட்டில் செயற்கைப் பார்களைச் செய்து இறக்கியிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் சிமெண்டுப் பலகைகளில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்து வருகிறது.

உயிரோடு பவளத்தை நான் முதலில் பார்த்தது இங்கிலாந்தில். பிளிமத்தில் எம்எஸ்சி படிக்கும்போது, மழைக்கு ஒதுங்க இடமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நேஷனல் மரைன் அக்வேரியத்துக்குப் போனேன். நுழைவுச் சீட்டு விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து இரண்டு முறை திரும்பிப் போய்விட்டு, மூன்றாம் முறை உள்ளே நுழைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கல் மேல் நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பச்சையும் ஊதாவும். தாத்தா வீட்டுச் சுவர் மூச்சு விட்டால் எப்படியிருக்கும், அப்படி. அன்றைக்கே ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைப்பதற்குப் பத்து வருடமும் ஒரு வளைகுடாச் சம்பளமும் தேவைப்பட்டன.

துபாய் வந்த அப்பாவை அல் ஃபஹீதிக்குக் கூட்டிப்போயிருந்தேன், காற்றுக்கோபுர வீடுகள் இருக்கும் பழைய பகுதி. ஓர் இடத்தில் பூச்சு இல்லாத சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு கல்லுல்லா" என்றார். ஆமாம். இங்கேயும் கடலிலிருந்து முருகைக்கல் வெட்டித்தான் வீடு கட்டினார்கள். ராஸ் அல் கைமாவில் கைவிடப்பட்ட அல் ஜசீரா அல் ஹம்ரா கிராமம் முழுக்க அந்தக் கல்தான். இங்கேயும் இன்றைக்குக் கடலிலிருந்து எடுப்பது தடை. என் தொட்டியில் இருந்தவை எல்லாம் பண்ணையிலோ மற்றவர்கள் தொட்டியிலோ வெட்டி வளர்த்த துண்டுகள்.

சரி, எதை எடுத்துப் போவது, எதை விடுவது?

மஞ்சள் டாங் முதலில் போனது. அது நாள் முழுக்க நீந்திக்கொண்டே பாசி மேயும் மீன். இரண்டடித் தொட்டியில் விட்டால் திரும்புவதற்கே நேரம் சரியாக இருக்கும். ஜெபல் அலியில் ஒரு பிலிப்பைன்ஸ் நண்பர், என்னைவிடப் பெரிய தொட்டி வைத்திருப்பவர், வந்து வாங்கிப்போனார். அக்ரோபோராக்களையும் அவருக்கே கொடுத்தேன். கிளை கிளையாக மான்கொம்பு போல வளரும் சாதி. அதற்கு வெளிச்சமும் நீரோட்டமும் வேண்டும், அதைவிட முக்கியமாக எதுவும் மாறாமல் இருக்க வேண்டும். சுண்ணாம்பைக் கட்ட உதவும் காரத்தன்மை டிகேஹெச் கணக்கில் 8 என்றால் 8-லேயே நிற்க வேண்டும். ஒரே இரவில் 10-க்கு ஏறினால் நுனி எரிந்து வெளுக்கும். 120 லிட்டரில் அதை நிறுத்திவைப்பது முடியாத காரியமில்லை. எட்டு மணி நேர அலுவலகமும் ஒன்றரை மணி நேரப் போக்குவரத்தும் உள்ள ஒருவனால் முடியாது.

தங்கியவை முரட்டுச் சாதிகள்: ஹாமர், ஒரு டார்ச், பாறையோடு ஒட்டிப் பாய்போல விரியும் சோவாந்திட்கள். மீன்களில் கோமாளி ஜோடி மட்டும். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியவை. பெரியது பெண், சின்னது ஆண். பெண் செத்துப்போனால் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்று அவளுக்கு அன்று சொல்லிக்கொடுத்ததை அவள் பள்ளியில் போய்ச் சொல்லி, வகுப்பாசிரியை எனக்குப் போன் செய்தது தனிக்கதை. கோயம்புத்தூரிலிருந்து அவள் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: "அவங்க ரெண்டு பேரும் ஒங்க கூடத்தான் இருக்கணும்."

என் வேலையில் இதை மைக்ரேஷன் என்போம். பழைய சர்வரிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும்போது கடைசிவரை கையில் ஒரு ரோல்பேக் வைத்திருப்போம், சொதப்பினால் பழையதற்கே திரும்பிவிடலாம். இங்கே பழைய வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்து ரசீது காட்டினால்தான் முன்பணம் திரும்பும்.

அதனால் இரண்டு வாடகையையும் ஒரு மாதம் சேர்த்துக் கட்டினேன். தொட்டி என்பது தண்ணீர் இல்லை, பாறை. புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையின் ஓட்டைகளில்தான் குடியிருக்கின்றன. தண்ணீரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகக் கலக்கலாம். பதினோரு வருடப் பாறையைக் கலக்க முடியாது. புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, பம்பும் சில்லரும் ஓடவிட்டு, பழைய பாறையில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தேன். ஈரத் துணியில் சுற்றி, குளிர்பெட்டியில், ஷேக் முகமது பின் ஸாயித் சாலை வழியாக. மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் அலுவலகம் முடிந்து அந்தக் காலி அறைக்குப் போய், பாறை மட்டும் இருக்கும் தொட்டிக்கு எதிரே நாற்காலி கூட இல்லாமல் தரையில் உட்கார்ந்து அம்மோனியா பார்ப்பேன். குழாயில் மஞ்சள் நிறம் வந்தால் பூஜ்யம். கட்டடக் காவலாளி ஒரு நேபாளிப் பையன். இரண்டாம் வாரம் தாங்க முடியாமல், "சார், மீன் எப்போ வரும்?" என்று கேட்டான்.

மும்பையில் 2020-இல் கடற்கரைச் சாலைத் திட்டத்துக்காக வொர்லியிலும் ஹாஜி அலியிலும் இருந்த பதினெட்டுப் பவளக் கூட்டங்களை எடுத்துக் கொலாபா பக்கம் நேவி நகருக்கு மாற்றினார்கள். மும்பையின் அந்தக் கலங்கல் தண்ணீரில் பவளம் இருக்கிறதா என்று பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் சேர்த்தால் ஒரு சதுர மீட்டர்கூட வராது. அதற்கு விஞ்ஞானிகள், முக்குளிப்பவர்கள், மத்திய அரசின் அனுமதி. செய்தியைப் படித்தபோது இது வேடிக்கை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. என் குளிர்பெட்டிக்குள் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மாற்றிய நாள் ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தேன். வரிசை முக்கியம். முதலில் தெளிந்த தண்ணீரை மேலிருந்து டப்பாக்களில் எடுத்துவைப்பது. அதில் பவளங்கள். பிறகு மிச்சப் பாறை. கடைசியில்தான் மீன், பாறையெல்லாம் வெளியே வந்தால்தான் கோமாளியைப் பிடிக்க முடியும். மணலைத் தொடவே கூடாது. பதினோரு வருட மணலின் அடியில் கறுப்பாக ஓர் அடுக்கு இருக்கும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். அது ஹைட்ரஜன் சல்ஃபைட், மீனைக் கொல்லும். பழைய மணலை அப்படியே மூட்டை கட்டி எறிந்தேன். சோவாந்திட் பாறையைத் தூக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்தச் சாதியில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சமையலறைக்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் தூரம் இருப்பது நல்லது என்று ஸ்டூடியோவுக்குப் போகும் நான் சொல்வது பொருத்தமில்லைதான்.

எட்டு மணிக்கு மூவர்ஸ் ஆட்கள் வந்தார்கள், இரண்டு பட்டான்களும் ஒரு மலையாளியும். காலித் தொட்டியை நால்வராகத் தூக்கினோம். அதை ஷார்ஜாவிலேயே ஒரு கடைக்காரர் வாங்கிக்கொண்டார், வாங்கிய விலையில் கால்வாசிக்கு. சுவரில் தொட்டி நின்ற இடம் மட்டும் வெள்ளை மாறாமல் இருந்தது. கீழே உப்பு படிந்த கோடு. வீட்டு உரிமையாளரின் ஆள் அதைக் காட்டிப் பெயின்டுக்கு முந்நூறு திர்ஹம் பிடித்துக்கொண்டார். டப்பாக்களை யாரிடமும் கொடுக்கவில்லை. என் காரின் பின்சீட்டில், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்புகளோடு, ஏசியை 25-இல் வைத்து, எண்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். பின்னால் வந்த ஒவ்வொரு லேண்ட் குரூஸரும் விளக்கை அடித்துவிட்டுப் போயிற்று.

மதியம் பன்னிரண்டரைக்குக் கோமாளிகள் புதுத் தண்ணீரில். பவளங்கள் எல்லாம் இறுக மூடி, கல்லாகவே கிடந்தன. மூன்றாம் நாள் ஹாமர் பாதி விரிந்தது. சோவாந்திட்கள் அதற்கும் முன்னாலேயே, எதுவும் நடக்காதது போல. டார்ச் விரியவில்லை. ஆறாம் நாள் அதன் ஒரு தலையில் பழுப்பாகக் கூழ் போல வழிந்தது. அந்தத் தலையை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். எட்டாம் நாள் அடுத்தது. நான்கு தலையில் ஒன்று நிற்கிறது. தண்ணீர் கணக்குகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பெட்டி பெட்டியாகப் பரிசோதனை மருந்து வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வர்சான் பறவைச் சந்தையில் கடை வைத்திருக்கும் மலையாளி, முப்பது வருடம் இதே தொழில், "சாரே, சிலதுக்கு எடம் மாறினா பிடிக்காது. தண்ணி நல்லாத்தான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் விஞ்ஞானமாக எனக்கும் எதுவும் தெரியவில்லை.

முன்னால் விட்ட இடத்துக்கு வருகிறேன். மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கல்பவளங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்த வளைகுடாவில் ஏறக்குறைய அதில் பாதிதான். இருப்பவை உலகத்திலேயே அதிக வெப்பம் தாங்குபவை. வேறு கடலில் இருந்தால் வெளுத்துச் செத்திருக்கும் வெப்பத்தை ஒவ்வொரு கோடையிலும் பார்ப்பவை. அவற்றுக்குள் வாழும் பாசி ஒன்றுக்கு 2015-இல் தெர்மோஃபிலம் என்றே பெயரிட்டார்கள், வெப்பத்தை விரும்புவது என்று பொருள். விரும்புகிறதா என்று அதைக் கேட்டார்களா தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து 2017 கோடையில் காற்று வீசாமல் கடல் கொதித்தது. அபுதாபிப் பக்கம் பவளங்களில் பெரும்பாலானவை வெளுத்தன, மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே பருவத்தில் செத்தன. தாங்குகிறவற்றுக்கும் ஒரு டிகிரி மிச்சம் வைக்காத கடல் இது. எங்கள் அலுவலகத்தில் யாராவது வளைகுடாவில் இருபது வருடம், இருபத்தைந்து வருடம் என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இந்தப் பாசி நினைவுக்கு வரும். சொல்வதில்லை.

இப்போது ஜூன். வெளியே 44 டிகிரி. தொட்டி 25.6. தண்ணீர் குறைந்தால் தானாக ஊற்றும் ஒரு கருவி மாட்டியிருக்கிறேன். அதன் வாளியில் பதினைந்து லிட்டர், ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வீதம் ஏழு நாள் வரும். ஊருக்குப் போவது பத்து நாள். காவலாளிப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்து, சாவியும் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் வாளியில் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணீர், உப்புத் தண்ணீர் அல்ல. மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை. அவன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டான். பெண் மீன் கண்ணாடி வரைக்கும் வந்து அவன் விரலைக் கொத்தப் பார்த்ததில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

டிக்கெட் போட்டுவிட்டு மனைவிக்குச் சொன்னேன். அத்தைக்கு இப்போது வாக்கர் பிடித்து நடக்க முடிகிறது என்றாள். வரும்போது பேரீச்சம்பழம் வேண்டாம், போன தடவை கொண்டுவந்ததே இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்: "ரிட்டனும் சேத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன். "ஏழாந்தேதி ராத்திரி."

"டார்ச் எப்டி இருக்கு?"

"ஒரு தலை இருக்கு. இன்னிக்கு லேசா விரிஞ்சிருக்கு. வீடியோ கால் போடவா?"

"போடுங்க" என்றாள்.